நான்கு புள்ளி எட்டு

திருமங்கலத்திலிருந்து திரும்பி வந்தன
முப்பத்தொரு டப்பா.
கட்டைப்பையில், பஸ்ஸில், லக்கேஜ் போட்டு.
மேலே பிரமிளாவின் சீட்டு:
"மீசை எடுக்கிற பார்லர்தான்க்கா எங்களுது.
அதுக்காக உங்க ஜெல்லுக்கும் நாங்களே எடுக்கணுமா?"

மூடியைத் திருகினேன்.
கற்றாழையின் கண்ணாடிப் பரப்பில்
பச்சைச் சாம்பலாய் ஒரு வட்டம்,
விளிம்பெல்லாம் வெள்ளை ரோமம்.
அழகாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

கே.புதூர் தொழிற்பேட்டைக்குப் பின் சந்தில்
ஒரே ஷட்டர் அகலம் எங்கள் கம்பெனி.
இந்தப் பக்கம் லேத் பட்டறை,
அந்தப் பக்கம் அப்பளம்,
நடுவில் நானும் சகாயராணியும் ஒரு மிக்சரும்
இன்னும் தவணை முடியாத தராசும்.

"சார்பிக் ஆசிட் போட்டோமேக்கா" என்றாள்.
போட்டோம்.
நூறு கிராமுக்கு அரை கிராமுக்கும் கீழே.
தண்ணீரோடு ஒட்டாத வெள்ளைப் பொடி,
கிளைக்காலில் இளஞ்சூடு காட்டி
தாஜா பண்ணித்தான் கரைக்கவேண்டும்.
நோட்டில் என் கையெழுத்து இருந்தது,
எடை, தேதி, எல்லாம் சரியாக.

பி.எச். தாளைக் கிழித்து ஒற்றினேன்.
மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சை.
ஏழு.

அப்போதுதான் பங்குனி வெயில் ஞாபகம் வந்தது.
"ஓடுதும்மா, தண்ணியா இருக்கு" என்று
கீழமாசி வீதி காஜா மைதீன் போனில் சொன்னதும்,
கெட்டிப்படட்டும் என்று
காரத்தை மேற்கொண்டு ஆறு துளி விட்டதும்.
சகாயராணி இல்லை. நான்.
நின்றது ஜெல்.
கரண்டியைச் செருகினால் கரண்டியும் நின்றது.

புளிப்பில்தான் அந்த அமிலம் முழுசாய் இருக்கும்.
முழுசாய் இருந்தால்தான்
பூசணத்தின் சுவர் தாண்டி உள்ளே போய்
அதன் அடுப்பை அணைக்கும்.
காரம் கூடினால்
கைவசமுள்ள ஒரு புரோட்டானைக் கழற்றிவிட்டு
வாசலோடு நின்றுவிடும்.
மீனாட்சி கோயிலில்
செருப்பைக் கழற்றினால் உள்ளே விடுவார்கள்.
இங்கே கழற்றியவருக்கு வழி கிடையாது.

"அப்ப இத்தன நாளும் டப்பாக்குள்ள
சும்மாதான் இருந்துச்சா?"
சும்மாதான்.
நாற்காலியில் சட்டையை மாட்டிவிட்டு
டீ குடிக்கப் போன ஆபீசர் மாதிரி.

புளிப்பிலும் தளராத வேறு பசை வாங்கினோம்.
பாக்டீரியாவுக்கு இது ஒன்று போதாதென்று
துணைக்கு இன்னொன்று.
பிறகு லாக்டிக் அமிலம், சொட்டு சொட்டாக.
ஆறு.
ஐந்தரை.
ஐந்தில் பட்டறையில் யாரோ இரும்பைப் போட்டார்கள், கை அதிர்ந்தது.
நான்கு புள்ளி எட்டில் எடுத்துவிட்டேன்.

லேபுக்குக் கொடுக்கப் பணமில்லை.
பிரமிளா டப்பாவின் ரோமத்தைக் குச்சியில் தொட்டு
புது ஜெல்லின் நடுவில் நட்டேன்.
இருபத்தெட்டு நாள் என்று நோட்டில் எழுதினேன்.

பதினோராம் நாள் அழகர் எங்கள் வழியாகப் போனார்.
ஷட்டரை முக்கால் இறக்கி வைத்திருந்தோம்.
வெளியே பீய்ச்சிய தண்ணீர் வாசலுக்குள் ஓடிவந்தது.
சகாயராணி ரோட்டுக்குப் போய்விட்டாள்,
வேதக்காரிக்கும் அன்றைக்கு வேடிக்கை உண்டு.
நான் டார்ச் அடித்து டப்பாவுக்குள் பார்த்தேன்.
நட்டது நட்டபடி, கடுகளவு.

காஜா மைதீன் மறுபடி போன்.
"பதப்பொருள் இல்லைன்னு லேபிள்ல போடுங்கம்மா.
சரக்கு பறக்கும்."
பறக்கும் பாய்.
திரும்பி வரும்போதுதான்
கட்டைப்பையில் வரும்.

இருபத்தெட்டு.
கடுகும் இல்லை.
ஜெல்லில் மட்டும் லேசாய் ஒரு பழுப்பு.
"மஞ்சள் கலந்தீங்களாக்கா?"
இல்லை.
தினம் நான் திறந்து திறந்து பார்த்ததில்
காற்று பட்டு நிறம் மாறியிருக்கிறது அமிலம்.

மூடியை இறுக்கித் திருகினேன்.
லேபிளில் அதன் பெயரை
கற்றாழைக்கு இருந்த அதே எழுத்தளவில்
போடச் சொன்னேன் அச்சகத்தில்.
"இடம் பத்தாதே மேடம்" என்றான் பையன்.
பூப்படத்தை எடுத்துவிடு என்றேன்.